நுனியில் அமர்ந்தவர்

கரியாலூரில் எங்கள் பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி நான்காண்டுகளாக எவரும் அமராமல் கிடந்தது. தேக்குச் சட்டம், அகன்ற கைப்பிடிகள், பிரம்பால் பின்னிய இருக்கை, பிரம்பால் பின்னிய முதுகு. இருக்கையின் முன்பாதி கிழிந்து தொங்கிவிட்டதால் அதன்மேல் ஒரு பலகையும், பலகைமேல் மடித்த போர்வையும் போட்டிருந்தார்கள். தந்தையார் 2021-இல் காலமான பின் போர்வையின்மேல் பழைய செய்தித்தாள்களும் சேர்ந்துகொண்டன. அம்மா அந்த அறையை நாள்தோறும் பெருக்குவார். நாற்காலியை மட்டும் நகர்த்தமாட்டார்.

இங்கே ‘நாங்கள்’ என எழுதுவது உடன்பிறந்தார் இருவரை. மூத்தவர் கல்லூரியில் தமிழ் பயிற்றுகிறார். இளையவர் கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கிறார். அந்த நாற்காலியைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒரே நினைவுதான்: அச்சம். அதற்கு நேர்மேலே, சுவரில் அடித்த இரண்டு ஆணிகளின்மீது தந்தையாரின் பிரம்பு படுத்திருக்கும். அருகிலிருந்த சிற்றூர்ப் பள்ளியில் அவர் ஆசிரியர். பள்ளியில் பயன்பட்ட அதே பிரம்பு வீட்டிலும் பயன்பட்டது. நாற்காலியில் அமர்ந்து எங்கள் பெயரைச் சொல்லி அழைத்தாரெனில், அந்த ஆணிகளைத்தான் முதலில் பார்ப்போம்.

அவர் மலையில் பிறந்து, கீழ்நாட்டில் விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியராக மலைக்கே திரும்பியவர். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகைக்குள் இருந்த காலத்தில் பிறந்தவர். நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 1976-இல்தான் அந்த முறை இங்கே முடிவுக்கு வந்தது. கூலியில்லா உழைப்பைப் பற்றி எங்கள் பாட்டனார் பேசிக் கேட்டிருக்கிறோம். பாட்டனார் நாற்காலியில் அமர்ந்து நாங்கள் கண்டதில்லை. எங்கள் வீட்டு நாற்காலியிலும் அவர் அமர்ந்ததில்லை, தரையில்தான். 1978-இல் கள்ளக்குறிச்சியில் நடந்த ஓர் ஏலத்தில் தந்தையார் இந்த நாற்காலியை எடுத்தார். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் கிடந்தது என்று ஏலக்காரர் சொன்னாராம். கச்சிராயபாளையம் வரை வண்டியில் கொண்டுவந்து, அதற்குமேல் ஆளை வைத்துத் தலைச்சுமையாக ஏற்றினார்களாம். எங்கள் குடும்பத்தில் முதல் நாற்காலி அது.

சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டி வந்தபோது பேச்சு எழுந்தது. இளையவர் அதை விற்றுவிடலாம் என்றார். பழைய தேக்குக்கு இன்று நல்ல விலை. சென்னையிலிருந்து ஆள் வந்து எடுத்துப்போவார்கள். மூத்தவருக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று கேட்டிருந்தால் தக்க விடை அவரிடம் இல்லை. இறுதியில், விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் இருக்கையைச் சரிசெய்தாக வேண்டும் என்ற அளவில் இருவரும் உடன்பட்டோம்.

கள்ளக்குறிச்சியில் மரவேலைக்கு ஆளில்லாமலா போகும் என்று எண்ணினோம். அவ்வூர் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் நாங்கள் சென்ற பட்டறையில் சிரித்தார்கள். “நாங்க சாமி செய்வோம் சார், வாகனம் செய்வோம். பின்றதுக்கு இப்ப ஆளு ஏது? பிளைவுட் அடிச்சு மேல ரெக்சின் போட்டுத் தந்துடறோம்” என்றார் தலைமைத் தச்சர். நாங்கள் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, சின்னசேலம் பக்கம் ஒருவர் இருந்தார், இன்னும் வேலை செய்கிறாரா தெரியாது என்று வழிசொல்லி அனுப்பினார்.

அவர் இருந்தார். அறுபதைக் கடந்தவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். இளமையில் ஒரு பயிற்சி நிலையத்தில் நாற்காலி பின்னக் கற்றவர். அதில் வியப்பதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய பார்வையற்றோர் பள்ளிகளிலேயே நாற்காலி பின்னல் ஒரு பாடமாக இருந்தது. கண்ணைவிட விரலுக்கே மிகுந்த வேலையுள்ள தொழில் என்பதால் அந்த வழக்கம் இந்தியாவுக்கும் வந்தது. அரசு அலுவலகங்களில் பிரம்பு நாற்காலிகள் நிறைந்திருந்த காலத்தில் அவற்றைத் திரும்பப் பின்னுவது பார்வையற்றோர் பலருக்குச் சோறு போட்டது. 1990-களில் வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. அடுக்கி வைக்கலாம், கழுவலாம், உடைந்தால் எறியலாம். பின்னுவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. “பிரம்பு போயி பிளாஸ்டிக் பட்டை வந்துச்சு, அதையும் பின்னினேன். அப்புறம் நாற்காலியே போயிடுச்சு. இந்த வருசத்துல உங்களுது மூணாவது சார்” என்றார். குறைபட்டுக்கொள்ளும் தொனி அதில் இல்லை. கணக்குச் சொல்லும் தொனிதான்.

நாற்காலியைக் கீழே கொண்டுவருகிறோம் என்றோம். வேண்டாம், தானே மலைக்கு வருவதாகச் சொன்னார். “குளிர்ல பின்னினா இழை சீக்கிரம் காயாது. எனக்கும் மலையைப் பார்த்த மாதிரி இருக்கும்.”

அப்படித்தான் அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோமுகி அணையைத் தாண்டி வளைவு வளைவாக ஏறும் பேருந்தில் எங்களுடன் வந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதில் வளையமாகச் சுற்றிய பிரம்பு இழைகள், ஒரு குத்தூசி, ஒரு சிறு கத்தி, விரல் நீளத்தில் சீவிய மரமுளைகள். இவ்வளவுதான் கருவிகள்.

முதல்நாள் அவர் பின்னவேயில்லை, பிரித்தார். பிரிக்குமுன் பழைய இருக்கையை வெகுநேரம் தடவினார். கிழிந்த விளிம்பில் விரலை ஓட்டினார், பின்பாதிக்குப் போனார், அங்கிருந்து முதுகுப் பின்னலுக்கு ஏறினார். பிறகு, “யாரு இதுல உட்கார்ந்தது?” என்று கேட்டார். தந்தையார் என்றோம்.

“அவரு சாஞ்சு உட்கார்ந்ததே இல்ல போலிருக்கே.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். முன்சட்டத்தை ஒட்டிய இழைகள் எல்லா நாற்காலியிலும் முதலில் அறுபடும், தொடை அங்கேதான் அழுத்தும், அது புதிதல்ல என்றார். ஆனால் இந்த இருக்கையின் பின்பாதி தொய்யவே இல்லை. வழக்கமாக நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும், இங்கே குழி முன்பக்கம் விழுந்திருக்கிறது. முதுகுப் பின்னலோ நேற்றுப் பின்னியதுபோல் விறைப்பாக இருக்கிறது. “நாப்பது வருசத்துக்கு மேல நுனியிலயே உட்கார்ந்திருக்காரு.”

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அரியணைபோல் எங்கள் நினைவில் நின்ற நாற்காலி அது. அதில் அமர்ந்து எங்களை நடுங்கவைத்த மனிதர், அதில் முழுதாக அமரவே துணியவில்லையா? நின்றே பழகிய வழியில் வந்தவர். தரையில் அமர்ந்த தகப்பனின் மகன். விலைகொடுத்து வாங்கிய பின்னும் அது தம்முடையதென்று அவர் உடம்பு நம்பவில்லை போலும் என்று மூத்தவர் சொன்னார். இளையவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அடிக்கும்போதுகூட எழுந்து நின்னுதான் அடிப்பாரு” என்றார்.

மறுநாள் பின்னல் தொடங்கியது. பிரம்பு இழை என்பது பிரம்புத் தண்டின் தோல். ஒருபுறம் வழவழப்பாய்ப் பளபளக்கும்; மறுபுறம் சொரசொரப்பாய் நீர் குடிக்கும். இழைகளைக் கால்மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, வளையும் பதம் வந்ததும் எடுத்துப் பின்னவேண்டும். சட்டத்தைச் சுற்றிலும் வரிசையாகத் துளைகள். முதற்சுற்றில் இழைகள் பின்சட்டத்திலிருந்து முன்சட்டத்துக்கு நேராக ஓடுகின்றன. இரண்டாம் சுற்றில் இடமிருந்து வலமாக அவற்றின்மேல் சும்மா படுக்கின்றன. மூன்றாம் சுற்றில் மறுபடி அதே துளைகள் வழியே முன்னும் பின்னுமாக. இதுவரை பின்னல் என்று ஒன்றுமேயில்லை. கை வைத்தால் இழைகள் நழுவும். நான்காம் சுற்றில்தான் ஒன்றின்மேல் ஏறி, மற்றொன்றின்கீழ் நுழைந்து, எல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவாட்டில், எதிரெதிர்த் திசைகளில். அவை முடியும்போது சதுரக் கண்களெல்லாம் எண்கோணமாகிவிடுகின்றன. கடைசியில், துளைகள் மறையும்படி விளிம்பைச் சுற்றி ஓர் அகலப் பட்டை.

முதல் மூன்று சுற்றுகளை எங்களிடமே விட்டார். நாங்கள் ஆர்வத்தில் இழைகளை நரம்புபோல் இழுத்து முளையடித்தோம். அவர் உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்துவிட்டு முளைகளைப் பிடுங்கினார். “இப்பவே இழுத்துட்டா அஞ்சாவது, ஆறாவது எங்க நுழையும்? முதல்ல தொளதொளன்னு விடணும் சார். பின்னப் பின்ன அதுவா இறுகும். மீதி, காயறப்ப இறுகும்.” மறுபடி தளர்த்திப் போட்டோம். நான்காம் சுற்றில் ஓரிடத்தில் ஓர் இழை தாவிவிட்டதை நாங்கள் காணவில்லை. நான்கு வரிசை கழித்து அவர் விரல் கண்டது. நான்கு வரிசையையும் பிரித்தோம்.

மூத்தவருக்கு அப்போது ஒரு வெட்கம். குறுந்தொகை 91-ஆம் பாடலை ஏறத்தாழ இருபதாண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறார். ஔவையார் பாடியது, பிரம்பின் கனி ஆழமான பொய்கையில் விழ, கெண்டைமீன் அதைக் கவ்வும் காட்சி வருவது. மருதத்திணை, பரத்தையிற் பிரிவு, உள்ளுறை என்றெல்லாம் விரித்துரைத்திருக்கிறார். உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட பதிப்பின் குறிப்புகளை மாணவர்க்குப் படித்துக் காட்டியிருக்கிறார். ஆனால் பிரம்பு பனையின் குடும்பத்தைச் சேர்ந்தது, மூங்கிலைப்போலன்றி உட்புழையற்றது, முள்ளால் பற்றி மரங்களின்மேல் ஏறும் கொடி, அதன் கனி செதில்செதிலான தோலுடையது என்பவற்றை இந்த நாற்காலிக்காகத் தேடிப் படித்தபோதுதான் அறிந்தார். கனியின் புறத்தை வரியுள்ளதாக ஔவையார் சொன்னது அணிக்காக அன்று, கண்டதைச் சொன்னார் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. பிரம்பு எனும் சொல்லை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்துவந்திருக்கிறோம் என்று பெருமைப்படுகிறோம். சொல்லைக் காத்த எங்கள் கைக்கு ஓர் இழையைத் துளையில் செலுத்தத் தெரியவில்லை. தெரிந்த கைக்கோ ஆண்டுக்கு மூன்று நாற்காலி.

பொருளும் எளிதில் கிடைப்பதாக இல்லை. உலகின் பிரம்பில் பெரும்பகுதி இந்தோனேசியக் காடுகளில் விளைகிறது. அந்நாடு 2012 முதல் பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது. தமிழ்நாட்டில் சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கொள்ளிடத்தை அடுத்த தைக்காலில் சாலையோரமெங்கும் பிரம்புக் கூடைகளும் ஊஞ்சல்களும் தொங்கும்; அங்கும் மூலப்பொருள் வெளியிலிருந்துதான் வருகிறது. எங்கள் பின்னல்காரர் இழைகளைச் சிக்கனமாகவே வெட்டினார். விளிம்புப் பட்டைக்கு அகலமான இழை போதாமற்போனபோது, சுவரில் இருந்த தந்தையாரின் பிரம்பை இளையவர் எடுத்து வந்து நீட்டினார். அவர் அதை வளைத்துப் பார்த்தார், நகத்தால் கீறினார்.

“ரொம்பக் காஞ்சுபோச்சு. உரிச்சா நொறுங்கும். அடிக்கறதுக்குத்தான் ஆகும், பின்றதுக்கு ஆகாது.”

இன்று அதற்கும் ஆகாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் குழந்தைகளை அடிப்பதைத் தடைசெய்திருக்கிறது. தந்தையார் அதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டார். இளையவர் பிரம்பைத் திரும்ப ஆணியில் வைக்கவில்லை, பரண்மேல் போட்டார்.

நான்காம் நாள் மாலை இருக்கை முடிந்தது. முதுகைத் தொடவேண்டியிருக்கவில்லை. பின்னினவர்தான் முதலில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று சொல்லி, தம் முழு எடையையும் போட்டு அமர்ந்தார், இரண்டுமுறை புரண்டார், எழுந்தார். பிறகு அம்மா நிற்கும் திசையில் முகத்தைத் திருப்பி, “நீங்க உட்காருங்கம்மா” என்றார்.

அம்மா அந்த நாற்காலியில் அமர்ந்து நாங்கள் பார்த்ததேயில்லை. “நான் எதுக்கு” என்றார். “அது அவரு நாற்காலி” என்றார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்றார். பின்னல்காரர் விடவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, மெல்ல அமர்ந்தார்; பின்னுக்கு நகர்ந்தார்; முதுகைச் சாய்த்தார். நாற்பத்தேழு ஆண்டுகளில் அந்த முதுகுப் பின்னல்மேல் எங்கள் கண்முன் ஒருவர் சாய்ந்தது அதுவே முதன்முறை. புதிய இழைகள் மெல்ல நெறிந்தன. அவருடைய இரு பாதங்களும் தரையிலிருந்து எழும்பித் தொங்கின.

“கால் எட்டலியே கண்ணு” என்றார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். பிறகு வெகு இயல்பாகச் சொன்னார்: “உங்கப்பாவுக்கும் எட்டாது. அதான் நுனியில உட்காருவாரு. ரெண்டு அங்குலம் காலை அறுத்துடலாம்னு நான் எத்தினியோ தபா சொல்லியிருப்பேன். பெரிய மனுசன் நாற்காலி, அதுல கை வைக்கக்கூடாதும்பாரு.”

இரவெல்லாம் விழித்திருந்து நாங்கள் கண்டெடுத்த பெரும் உண்மை ஒரே நொடியில் இரண்டு அங்குலமாகச் சுருங்கிற்று. தந்தையார் குள்ளம். நாற்காலி வேறு யாரோ நெடிய மனிதருக்குச் செய்தது. அவ்வளவுதான். எனினும் சற்றுநேரம் கழித்து, அவ்வளவுதானா என்று தோன்றியது. கால் எட்டாதது உடம்பின் செய்தி. அறுக்கக்கூடாது என்றது மனத்தின் செய்தி. நாற்பதாண்டுக்கு மேல் முதுகு நோக நுனியில் அமர்வது அவருக்கு எளிதாக இருந்தது. பெரிய மனிதரின் நாற்காலியில் ரம்பத்தை வைப்பது எளிதாக இல்லை. எங்களை அழைத்து எதிரே நிறுத்தியபோதெல்லாம் அவருக்கு முதுகு வலித்துக்கொண்டிருந்திருக்கும். அதனால் பிரம்படியை மறந்துவிடுகிறோம் என்று பொருளில்லை. அடித்தவர் வசதியாக வீற்றிருந்து அடித்தார் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தோம், அது பிழை.

கால்களை அறுப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு வாரம் வழக்காடினோம். விற்கலாம் என்ற இளையவர், அறுத்தால் விலை போய்விடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சண்டிகர் நகரத்துக்காக 1950-களில் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கும் பிரம்புமான நாற்காலிகள் அரசு அலுவலகங்களின் மூலைகளில் உடைந்து குவிந்து, கழிவு விலைக்கு ஏலம் போயின. வாங்கியவர்கள் பின்னலைப் புதுப்பித்து வெளிநாட்டு ஏலங்களில் பல இலட்சங்களுக்கு விற்றார்கள். 2011-இல் நடுவண் அரசு அவற்றை விற்கத் தடை விதிக்கவேண்டியதாயிற்று. பழம்பொருளை விரும்புவோர் ஒரு திருகாணி மாறியிருந்தாலும் முகம் சுளிப்பார்கள். விலையைப் பற்றிக் கவலைப்படாத மூத்தவருக்கோ வேறொரு தயக்கம்: தந்தையார் கை வைக்கக்கூடாது என்ற ஒன்றில், அவர் போனபின் நாம் கை வைக்கலாமா?

விடையைப் பின்னல்காரரே ஏற்கெனவே சொல்லிச் சென்றிருந்தார் என்று பிறகு பட்டது. பிரித்த பழைய இழைகளை எறியத் தயங்கியபோது அவர், “அறுந்தா மாத்தறதுக்குத்தான் சுத்தி ஓட்டை போட்டு வச்சிருக்கான்” என்றிருந்தார். பிரம்பு இருக்கை என்றேனும் கிழியும் என்பதைத் தச்சர் முதலிலேயே ஒப்புக்கொண்டு சட்டத்தைச் செய்கிறார். இருக்கை போகும், சட்டம் நிற்கும். அடுத்து வருகிறவர் தம் எடைக்குப் பின்னிக்கொள்ளலாம். அப்படியிருக்க, அமர்கிறவருக்குக் கால் எட்டாத நாற்காலியை அப்படியே வைத்துப் போற்றுவது எதைப் போற்றுவது?

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தச்சரை அழைத்து வந்தோம். அம்மாவை அமரவைத்து, பாதத்துக்கும் தரைக்கும் இடையே அளந்து, நான்கு கால்களிலும் இரண்டேகால் அங்குலம் அறுத்தார். ரம்பம் இறங்கியபோது இளையவர் வெளியே போய்விட்டார்.

இப்போது அம்மா மாலைவேளைகளில் அதில்தான் அமர்கிறார், சாய்ந்து அமர்கிறார். பின்னல்காரர் சொல்லிவிட்டுப் போனபடி மாதம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்து, நீர் குடிக்கும் அடிப்புறத்தை ஈரத்துணியால் துடைக்கிறார். தொய்ந்த இழை காயும்போது மறுபடி இறுகிவிடுமாம். அறுத்த நான்கு துண்டுகளில் ஒன்று முன்கதவுக்கு முட்டுக்கட்டையாக இருக்கிறது. மலைக்காற்றில் அந்தக் கதவு எப்போதும் அடித்துக்கொள்ளும், இப்போது அடிப்பதில்லை.